ஆயுர்வேத சிகிச்சைக்குக் கேரளா போகிறீர்களா? ஆடியில் போங்கள்

பெங்களூரிலிருந்து ஆயுர்வேத சிகிச்சைக்குக் கேரளா போக நினைப்பவர்கள் டிசம்பரை விட்டுவிட்டு ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரைக்கும், அதாவது நம் ஆடியில், வர்க்கலா, கோவளம் பக்கத்து ரிசார்ட்களில் விலை கேட்டுப் பாருங்கள்.

மலையாளிகளுக்கு அது கர்க்கடகம், எண்ணெய் சிகிச்சைக்கு மழைக்காலமே உகந்தது என்று அங்கே காலங்காலமாகச் செய்துவருகிறார்கள். ஆனால் கடற்கரைக்குச் சுற்றுலாக் கூட்டம் வருவது பெரும்பாலும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை என்பதால் ஆடியில் அறைகள் காலியாக இருக்கும், வாடகையும் இறங்கும். அறை, சிகிச்சை, சாப்பாடு எல்லாவற்றுக்கும் தனித்தனியாக விலை கேளுங்கள், பேசிக் குறைக்க முடிவது அறை வாடகையைத்தான். அப்புறம், பி.ஏ.எம்.எஸ். (ஆயுர்வேத மருத்துவப் பட்டம்) படித்த மருத்துவர் தினமும் இருப்பாரா என்று கேளுங்கள். இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லாத இடம் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

கடலில் குளிக்க ஆசைப்படுபவர்களுக்கு இது சரிப்படாது, அலை மோசமாக இருக்கும். பெயர்பெற்ற ஆயுர்வேத மருத்துவமனைகளிலும் இந்த விலைக்குறைப்பு பலிக்காது, அங்கே கர்க்கடகத்தில்தான் கூட்டமே. வயநாடு, மூணாறு மாதிரி மலைப்பக்கம் மட்டும் அந்தச் சமயத்தில் போகாதீர்கள். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் அந்தப் பெரிய நிலச்சரிவு நடந்ததும் ஆடியில்தான்.