கடலோர அறையில் புதைபடிவமும் பேட்டை ஓவியமும்: தற்காலிகக் கண்காட்சி அமைப்பது எப்படி

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கம் உள்ள ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் மூன்று நான்கு வாரத்துக்குப் புதைபடிவங்களையும் பேட்டை மக்கள் வரைந்தவற்றையும் சேர்த்து வைப்பதென்றால், முதலில் கவனிக்க வேண்டியது அறையின் காற்று. மேசை, விளக்கு, அழைப்பிதழ் எல்லாம் அப்புறம்தான். இங்கே பெரும்பாலான நாட்களில் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டிவிடும். காற்றில் உப்பும் உண்டு. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வைக்கவே வேண்டாம். பொங்கலுக்குப் பிறகு தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள்.

புதைபடிவக் கற்களை இரவலாக வாங்குங்கள். மாநிலக் கல்லூரியிலும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்திலும் நிலவியல் துறைகள் இருக்கின்றன. கடிதம் எழுதிக் கேட்கலாம். சாத்தனூர், திருவக்கரை கல்மர (கல்லாக மாறிய மரம்) பூங்காக்கள் பாதுகாக்கப்பட்ட இடங்கள், அங்கிருந்து ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாது. இரவல் வாங்கும்போது ஒவ்வொரு கல்லையும் அளவுகோல் பக்கத்தில் வைத்து நான்கு பக்கமும் படம் எடுத்து, எடை, ஏற்கெனவே உள்ள விரிசல், ஒட்டுப் போட்ட இடம் ஆகியவற்றை எழுதி, இரண்டு தரப்பும் கையெழுத்திடுங்கள். பதினைந்து கல் போதும். அறுபது வைத்தால் எதையும் யாரும் நின்று பார்க்க மாட்டார்கள்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது

புது பிளைவுட்டில் பெட்டி செய்வதுதான் பரவலாக நடக்கும் பிழை. பிளைவுட்டும், மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகையும் மெல்ல அமில ஆவியை விடும். மூடிய பெட்டிக்குள் அது தங்கி, சுண்ணாம்புச் சிப்பிகளின் மேல் வெள்ளைப் பொடி பூக்க வைக்கும். பூத்துவிட்டால் ஓட்டின் மேற்பரப்பு போனது போனதுதான். கண்ணாடியும் அலுமினியச் சட்டமும் போதும். இணைப்புக்கு சிலிக்கோன் பசை வாங்கும்போது ‘நியூட்ரல்’ வகையைக் கேட்டு வாங்குங்கள். வினிகர் வாடை அடிக்கும் வகை அதே அமிலத்தைத்தான் விடுகிறது. எதுவானாலும் ஒரு வாரம் திறந்து வைத்து, வாடை போன பிறகே கல்லை உள்ளே வையுங்கள்.

பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமம் கலந்த படிவங்கள் இன்னும் மோசம். ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் அவை கந்தக அமிலம் உண்டாக்கித் தானே உடையும். அடியில் வைத்த சீட்டும் கருகும். மஞ்சள் கலந்த வெள்ளைத் தூளோ கந்தக வாடையோ தெரிந்தால் உடனே தனியே எடுத்து உலர்வான டப்பாவில் வையுங்கள்.

பெட்டிக்குள் ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதம் இருக்கட்டும். துளையிட்ட அடித்தட்டுக்குக் கீழே ஈரம் உறிஞ்சும் ஆரஞ்சு நிற சிலிகா ஜெல் மணிகளைப் பருத்திப் பைகளில் வைத்து, உள்ளே ஒரு ஈரப்பதமானியும் வையுங்கள். நீல நிற மணிகளில் கோபால்ட் உப்பு இருக்கிறது, குழந்தைகள் வரும் இடத்தில் வேண்டாம். நிறம் மாறியதும் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் சூடாக்கினால் மறுபடி பயன்படும். ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே போனால் களிப்பாறைக் கற்கள் ஏடு ஏடாகப் பிளக்கும். அப்போது ஒரு பையை வெளியே எடுங்கள். பகலில் மட்டும் ஏசி ஓட்டி இரவில் நிறுத்தும் பழக்கமும் கூடாது. குளிர்ந்த கல்லின் மேல் கடற்காற்று பட்டதும் அது வியர்த்துவிடும்.

கல்லுக்கு அடியில் வெள்ளை ஈபிஈ ஃபோம் (பாலித்தீன் நுரைப் பலகை), அதன் மேல் கஞ்சி போடாத, இரண்டு முறை அலசிய பருத்தித் துணி. மஞ்சள் ஸ்பாஞ்ச் பிசுபிசுத்து ஒட்டும். கல் உடைந்தால் ஃபெவிக்விக்கைத் தொடாமல், துண்டுகளைப் பத்திரப்படுத்தி, கொடுத்தவரிடம் சொல்லுங்கள்.

ஓவியங்கள், சிப்பிகள், வலைகள்

தாளுக்கு 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தின் அலகு) மேல் வெளிச்சம் வேண்டாம். ஸ்கெட்ச் பேனா நிறங்கள் ஜன்னல் பக்கத்தில் சில வாரங்களிலேயே வெளுத்துவிடும். ஆகவே ஓவியம் உள்சுவரில். டிஸ்டம்பர் அடித்த சுவரில் இரட்டைப் பக்க டேப் நிற்காது. இரவோடு இரவாக உரிந்து விழும். மேலே கொக்கி அடித்து தங்கூசி எனும் நைலான் நரம்பில் தொங்கவிடுங்கள். சாதாரண முடிச்சு நைலானில் வழுக்கும், வலை பின்னுகிறவர்களைக் கேட்டால் வழுக்காத முடிச்சைப் போட்டுத் தருவார்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 செ.மீ.; குழந்தைகளின் படங்களுக்கு 110. சுவருக்கும் தாளுக்கும் இடையே ஒரு விரல் இடைவெளி விடாவிட்டால் பூசணம் பிடிக்கும்.

சிப்பி, பழைய வலை கொண்டு செய்தவை வந்தால் நல்ல தண்ணீரில் சில நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீர் மாற்றி, நன்றாகக் காயவைத்து வாங்குங்கள். உப்பு தங்கினால் ஈரத்தை இழுக்கும். அவற்றைப் படிவப் பெட்டிகளிலிருந்து தள்ளியே வையுங்கள்.

படிவங்களையும் பேட்டை மக்களின் படைப்புகளையும் ஒரே அறையில் வைப்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. அரியலூர்ச் சுண்ணாம்புக் கற்களில் கிடைப்பவை கடல் உயிர்கள். சிப்பியையும் மட்டியையும் நாள்தோறும் கையாளும் மக்கள் எண்ணூரிலும் காசிமேட்டிலும் இருக்கிறார்கள். அரியலூர் அருகேயுள்ள கல்லங்குறிச்சியின் சிப்பிப் படிவம் இருக்கும் பெட்டிக்கு வெளியே, அதே மாதிரி உப்பு போக ஊறவைத்துக் காயவைத்த இன்றைய சிப்பி ஓடு ஒன்றை வைத்து, வேறுபாட்டை அவர்களையே சொல்ல வைத்து, அந்த வாக்கியத்தையே சீட்டில் எழுதுங்கள். சீட்டில் ஐம்பது சொல், 24 புள்ளி எழுத்து, வயதைக் கோடி ஆண்டுகளில் போடுங்கள்.

காலத்தைக் காட்ட 10 மீட்டர் வலைக் கயிறு ஒன்று போதும். ஒரு முனை இன்று; அங்கிருந்து ஒரு செ.மீ. ஒரு லட்சம் ஆண்டு. திருவக்கரை கல்மரம் 2 மீட்டரில், டைனோசர்கள் அழிந்தது 6.6 மீட்டரில், பெரம்பலூர் மாவட்டக் காரைப் பகுதிப் பாறைகள் கிட்டத்தட்ட மறுமுனையில். மனித இனம் 3 செ.மீ.க்குள் அடங்கும். 1639இல் தொடங்கிய மதராஸ் பட்டணத்துக்கு முடியின் தடிமன்கூட வராது. முடிச்சுகளைப் பேட்டைக்காரர்களே போடட்டும்.

தாளை மேலே வைத்துத் தேய்த்துப் படம் எடுப்பதும் களிமண்ணில் அச்சு எடுப்பதும் வார்ப்புப் பிரதிகளில் மட்டும். அசல் கல்லில் ஒருபோதும் வேண்டாம். பிரதி வார்க்க பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கலக்கும்போது ஒரு பங்கு தண்ணீரில் இரண்டு பங்கு தூளைத் தூவுங்கள். இறுகும்போது தோலைச் சுடும் அளவுக்குச் சூடேறும், குழந்தைகள் கையைப் புதைத்து அச்சு எடுக்க விடாதீர்கள்.

அம்மோனைட் என்ற, சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடல் உயிரின் படிவ வரிகள் நேர் வெளிச்சத்தில் தெரியாது. சின்ன எல்இடி விளக்கைப் பெட்டிக்கு வெளியே, பக்கவாட்டில் 20 டிகிரி சாய்வில் வைத்தால் ஒவ்வொரு வரியும் நிழலோடு எழுந்து நிற்கும். பெட்டியின் மேல்தளம் 80 செ.மீ. உயரத்தில் இருந்தால் சிறுவர்களும் எட்டிப் பார்க்கலாம்.

முடிந்ததும், கொடுத்தவரின் ஆள் வந்த பிறகே பெட்டியைத் திறந்து, முதல் நாள் எடுத்த படங்களோடு ஒப்பிட்டு, கையெழுத்து வாங்கி, பிறகு கல்லைச் சுற்றிக் கட்டுங்கள். ஓவியங்களைப் பெயர் பார்த்து வரைந்தவர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள்.