நாய் சிறுநீரில் புல்வெளி கருகாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

நன்றாக வளர்ந்த புல்தரையில் அங்கங்கே தட்டு அளவுக்கு வைக்கோல் நிறத்தில் காய்ந்த வட்டங்கள் தெரிகின்றனவா? வீட்டில் நாயும் இருக்கிறதா? பெரும்பாலும் அதன் வேலைதான். அதற்காக நாயைக் கட்டிப்போடவும் வேண்டாம், புல்லைப் பெயர்த்துவிட்டு சிமென்ட் பூசவும் வேண்டாம். தண்ணீரும் கொஞ்சம் பழக்கமும் முக்கால்வாசிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும்.

ஏன் கருகுகிறது?

சிறுநீரில் இருக்கும் அமிலம்தான் புல்லை எரிக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அமிலம் அல்ல, யூரியா. நாய் சாப்பிடும் புரதத்தில் உடலுக்குத் தேவைப்படாத நைட்ரஜன் யூரியாவாக வெளியேறுகிறது, கூடவே உப்புகளும். வயலுக்கும் தோட்டத்துக்கும் உரமாகப் போடுகிறோமே, அதே யூரியாதான். பரவலாகத் தூவ வேண்டியதை ஒரே இடத்தில் கொட்டினால் எந்தப் பயிரும் கருகத்தான் செய்யும்.

குனிந்து ஒரு வட்டத்தை உற்றுப் பாருங்கள். நடுவில் புல் செத்துக் கிடக்கும். விளிம்பில், சிறுநீர் கொஞ்சமாகப் பரவிய இடத்தில், மற்ற புல்லைவிட உயரமாகக் கரும்பச்சையில் செழித்திருக்கும். சத்துக் குறைந்த தரையாக இருந்தால் நடுவில்கூடக் காயாமல் வெறும் பச்சைத் திட்டு மட்டும் தெரிவதும் உண்டு.

பெட்டை நாய்தான் அதிகம் கெடுக்கும் என்ற பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. அதன் சிறுநீரில் தனி விஷம் எதுவும் இல்லை. பெட்டை நாய்களும் குட்டிகளும் உட்கார்ந்து ஒரே இடத்தில் மொத்தத்தையும் விட்டுவிடுகின்றன. வளர்ந்த ஆண் நாய் காலைத் தூக்கி மரத்திலும் கம்பத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துக்கொண்டே போகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

படி 1: நாய்தானா என்று உறுதி செய்யுங்கள்

காய்ந்த இடத்தில் ஒரு பிடி புல்லைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். வேர் மண்ணை விடாமல் பிடித்திருந்து, சுற்றிலும் பச்சை விளிம்பும் இருந்தால் சிறுநீர்தான். புல் பாய் சுருட்டுவது போல மொத்தமாகக் கையோடு வந்தால் அடியில் வேர்ப்புழு இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு.

படி 2: உடனே தண்ணீர் ஊற்றுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். நாய் போய் முடித்ததும் அந்த இடத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டும். நடுத்தர அளவுள்ள நாய் ஒரு தடவைக்குக் கிட்டத்தட்ட ஒரு டம்ளர் போகும். குறைந்தது அதைப் போல மூன்று மடங்கு ஊற்றுங்கள். அரை வாளி ஊற்றினாலும் தவறில்லை. மேலே தெளித்தால் போதாது. வேரைத் தாண்டி மண்ணுக்குள் இறங்க வேண்டும்.

சில மணி நேரம் தாமதமானாலும் பயன் உண்டு. ஏறக்குறைய 8 மணி நேரத்துக்குள் ஊற்றினால் பெரும்பாலும் புல் தப்பிவிடும். அதற்கு மேல் தள்ளிப்போகப் போகக் கருகல் கூடும். நாய் வெளியே போகும் கதவுக்குப் பக்கத்திலேயே ஒரு பூவாளியை நிரப்பி வையுங்கள். தேடிப் போக வேண்டியிருந்தால் மூன்றாம் நாளே விட்டுவிடுவோம். நாள் முழுக்க ஓட முடியாதவர்கள் காலையில் முதல் தடவை போகும் இடத்தையாவது தவறவிடாதீர்கள். இரவு முழுக்கத் தேங்கியதால் அதுதான் மிகவும் அடர்த்தியானது.

நாய்க்குக் குடிக்கச் சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். நிறையக் குடித்தால் சிறுநீர் தானாகவே நீர்த்துவிடும்.

படி 3: அதற்கென்று ஓர் இடம் பழக்குங்கள்

பொறுமை வேண்டும், ஆனால் நிரந்தரத் தீர்வு இதுதான். தோட்டத்தில் ஒரு மூலையை ஒதுக்கி, சின்னக் கூழாங்கல்லோ மரப்பட்டைத் துண்டுகளோ பரப்புங்கள். கோக்கோ ஓட்டுத் துண்டுகள் மட்டும் வேண்டாம். சாக்லேட்டைப் போலவே அவையும் நாய்க்கு நஞ்சு. ஆண் நாயாக இருந்தால் நடுவில் ஒரு கட்டையை நட்டு வையுங்கள், தேடிப் போகும்.

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்ததும், விளையாடி ஓய்ந்ததும் வாரைப் பிடித்து நேராக அந்த மூலைக்குக் கூட்டிப் போங்கள். அதன் சிறுநீர் பட்ட மண் கொஞ்சத்தை முதலிலேயே அங்கே போட்டு வைத்தால் வாசனை வேலையைச் சுலபமாக்கும். “போ” என்பது போல ஒரே சொல்லை எப்போதும் சொல்லுங்கள். வேலை முடிந்த அந்த நொடியே தீனி கொடுங்கள். வீட்டுக்குள் வந்த பிறகு கொடுத்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது. புல்லில் போய்விட்டால் திட்டாதீர்கள். திட்டினால் உங்கள் கண்ணில் படாமல் போகத்தான் கற்றுக்கொள்ளும். பெரும்பாலான நாய்களுக்குச் சில வாரங்களில் பழகிவிடும்.

படி 4: புல்லைத் தாங்கும்படி வளருங்கள்

ஒட்ட வெட்டாதீர்கள். கொஞ்சம் உயரமாக விட்டால் வேர் ஆழமாகப் போகும். நாய் அடிக்கடி போகும் பகுதிக்கு உரத்தைக் குறையுங்கள், அதுதான் போட்டுக்கொண்டிருக்கிறதே. வறட்சியில் வாடிய புல் சீக்கிரம் கருகும்.

புதிதாகப் போடுபவர்கள் புல் வகையையும் பாருங்கள். வேய்ன் அலார்டு என்ற கால்நடை மருத்துவர் 1981-இல் நான்கு வகைப் புற்களில் நாய் சிறுநீரைச் சோதித்து எழுதினார் (இவர் பிறகு அமெரிக்க செனட்டரும் ஆனார்). ஃபெஸ்க்யூவும் ரைகிராஸும் நன்றாகத் தாங்கின. கென்டக்கி புளூகிராஸும் பெர்முடா புல்லும், அதாவது நம் அருகம்புல்லும், சீக்கிரம் கருகின. ஆனாலும் அருகை ஒதுக்கிவிட வேண்டாம். கருகினாலும் பக்கத்துத் தண்டுகள் ஓடி வந்து இடத்தை மூடிவிடும்.

செய்யக் கூடாதவை

நாய்க்குத் தக்காளிச் சாறும் வினிகரும் சமையல் சோடாவும் கொடுக்கச் சொல்வார்கள். வேண்டாம். பிரச்சினை அமிலமே இல்லை என்னும்போது அதை மாற்றி என்ன பயன்? சிறுநீரின் அமிலத் தன்மையை மாற்றும் மாத்திரைகளால் சில நாய்களுக்குச் சிறுநீர்ப்பையில் கல் உண்டாகலாம். புல்லுக்காகப் புரதத்தைக் குறைப்பதும் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாதது. சமையல் சோடாவை மண்ணில் தூவினால் இருக்கிற உப்போடு இன்னும் உப்புச் சேரும்.

நாய் திடீரென்று அதிகமாகத் தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் போக ஆரம்பித்தால் புல்லை மறந்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ இருக்கலாம்.

படி 5: ஏற்கெனவே கருகிய இடத்தைச் சரிசெய்யுங்கள்

முதலில் அந்த இடத்தை இரண்டு மூன்று நாள் தண்ணீர் விட்டு நன்றாக ஊறவையுங்கள், தேங்கிய உப்பு கீழே இறங்கட்டும். செத்த புல்லைக் கிளறி எடுங்கள். திரும்பத் திரும்ப நாய் போன இடமென்றால் மேல்மண்ணை ஓரிரு அங்குலம் வெட்டி எடுத்துவிட்டுப் புது மண் போடுவது நல்லது. அப்புறம், ஓடிப் படரும் புல்லாக இருந்தால் ஓரத்திலிருந்து தானே மூடும். அவசரமென்றால் ஒரு துண்டு புல்லைப் பெயர்த்து நடுவில் நடலாம். கொத்தாக வளரும் வகை தானாகப் பரவாது, அதற்கு விதைதான் தூவ வேண்டும். முளைக்கும்வரை ஈரம் காயாமல் லேசாகத் தெளித்து வாருங்கள். இரண்டாவது தடவை புல் வெட்டும்வரை அந்த இடத்தைச் சுற்றி நாலு குச்சி நட்டு வலை கட்டிவிடுங்கள், புது மண்ணைக் கண்டால் நாய்க்குத் தோண்டாமல் இருக்க முடியாது.