பழைய மஹிந்திரா ஜீப்: வீட்டு வாசலிலேயே செய்யக்கூடிய வேலைகள்

போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள். பெயின்ட் உரிந்திருக்கும், தார்ப்பாய் கிழிந்திருக்கும். ஆனாலும் காலையில் ஒரே செல்ஃபில் கிளம்பி மேட்டில் ஏறிவிடும். நாம் ஆசைப்பட்டு வாங்கிய ஜீப்போ பளபளவென்று நிற்கும், மழை பெய்த மறுநாள் கிளம்பாது. அந்த வண்டிக்காரர் தினமும் ஒருமுறை அடியில் குனிந்து பார்க்கிறார். நாம் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

என்னிடம் இருப்பது ஒரு எம்எம் 540. பிரெஞ்சு பெஷோ கம்பெனி வடிவமைத்த எக்ஸ்டிபி 4.90 டீசல் என்ஜின், 2112 சிசி. பெயரில் உள்ள 4 என்பது சிலிண்டர் எண்ணிக்கை, 90 என்பது சிலிண்டர் விட்டம் மில்லிமீட்டரில். பிற்பாடு வந்த 2523 சிசி எம்டிஐ என்ஜின் வண்டிகளுக்கும் நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி பொருந்தும். 1947-ல் மஹிந்திரா இங்கே பாகங்களைப் பூட்டித் தயாரிக்கத் தொடங்கிய அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் எலும்புக்கூடுதான் அடியில் இன்னும் இருக்கிறது: முன்னும் பின்னும் சக்கர அச்சை மூடிய இரும்பு ஹவுசிங், பட்டை ஸ்பிரிங், நடுவில் என்ஜின் சக்தியை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ். கம்ப்யூட்டர் கிடையாது. கண்ணும் கையும் போதும்.

புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை: எதையும் கழற்றுவதற்கு முன் கோளாறு எங்கே என்று கண்டுபிடியுங்கள். பழைய ஜீப்பில் வீணாகும் பணத்தில் பாதி, நன்றாக இருந்த சாமானைக் கழற்றி மாட்டியதில்தான் போகிறது.

ஸ்பேனர் வாங்கும் முன்

இந்த வண்டியில் இரண்டு அளவு முறையும் கலந்திருக்கும். சேஸிஸ், ஆக்சில், ஸ்டியரிங் பக்கம் வில்லிஸ் வழி வந்தது, அதனால் பெரும்பாலும் இன்ச் நட்டு. பெஷோ என்ஜினில் மில்லிமீட்டர். அரை இன்ச் என்பது 12.7 மில்லிமீட்டர். அதில் 13-ஆம் நம்பர் ஸ்பேனரைப் போட்டால் பிடிப்பது போலத்தான் இருக்கும். துருப்பிடித்த நட்டில் இரண்டு முறை வழுக்கியதும் தலை உருண்டையாகிவிடும், அப்புறம் உளிதான். ஆகவே இரண்டு செட்டும் வேண்டும். ரிங் ஸ்பேனராக வாங்குங்கள்.

மற்றபடி ஒரு கிரீஸ் கன், நல்ல ஜாக்கி, இரண்டு ஜாக்கி ஸ்டாண்டு, சக்கரத்துக்கு அண்டை கொடுக்க மரக்கட்டைகள், ஒரு கம்பி பிரஷ், நிறைய பனியன் வேஸ்ட். துரு நட்டுகளுக்கு முந்தின நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிடுங்கள். காலையில் பாதி வேலை முடிந்திருக்கும்.

இடப்பக்கச் சக்கரத்தைக் கழற்றும்போது கவனம். பழைய வில்லிஸ் வகை வண்டிகளில் அந்தப் பக்கம் இடது மரை, அதாவது எதிர்த்திசையில் திருகினால் கழலும் மரை, இருக்கலாம். ஸ்டட் நுனியில் எல் என்ற ஆங்கில எழுத்து பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். தெரியாமல் வழக்கம்போல் திருகி, "இறுகிப்போச்சு" என்று குழாய் போட்டு நெம்பி ஸ்டட்டையே முறித்தவர்கள் உண்டு.

ஹேண்ட் பிரேக்கை நம்பாதீர்கள்

இதைச் சொல்லாமல் அடியில் படுக்கச் சொல்ல மாட்டேன். பழைய ஜீப்புகள் பலவற்றில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் கிடையாது. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறம், பின் அச்சுக்குச் சக்தி கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன டிரம்மில் இருக்கும். ஷாஃப்டைத்தான் அது பிடிக்கிறது. பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினால், ஷாஃப்ட் நின்றபடியே இருக்க, டிஃபரன்ஷியல் (இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரத் தொகுதி) வழியாகத் தூக்கிய சக்கரம் ஒரு பக்கமும் தரையில் உள்ள சக்கரம் எதிர்ப்பக்கமும் சுற்ற முடியும். அதாவது, ஹேண்ட் பிரேக் முழுக்க இழுத்திருந்தும் வண்டி உருளும். கியரில் போட்டாலும் இதே கதைதான்.

என் வண்டி அப்படி அரை அடி உருண்டு ஜாக்கி சாய்ந்தது. நான் அப்போது டீ குடிக்கப் போயிருந்தேன், பிழைத்தேன். சமதளம், தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, ஹவுசிங்குக்கு அடியில் ஸ்டாண்டு. இந்த மூன்றும் இல்லாமல் தலையை உள்ளே விடக் கூடாது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்; தாங்குவதற்கு ஸ்டாண்டு.

முதல் நாள்: கழுவு, துடை, அட்டை விரி

சேறு காய்ந்து ஒட்டியிருக்கும் வண்டியில் எந்தக் கசிவும் தெரியாது. அடிப்பாகத்தை நன்றாகக் கழுவி, காயவைத்து, கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு ஹவுசிங், நான்கு சக்கரத்தின் உள்பக்கம் எல்லாவற்றையும் வேஸ்ட் துணியால் துடையுங்கள். ஒரு ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, இரவு அடியில் பெரிய அட்டையை விரித்து, சக்கரம் இருக்கும் இடங்களைப் பேனாவால் குறித்து வையுங்கள்.

காலையில் அட்டையே சொல்லிவிடும். கறுப்பாக, வழவழவென்று முன்பக்கம் சொட்டியிருந்தால் என்ஜின் ஆயில். கெட்டியாக, கந்தக வாடையோடு நடுவிலோ ஹவுசிங்குக்கு நேராகவோ இருந்தால் கியர் ஆயில். சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருந்தால் நின்று பாருங்கள். அது ஆக்சில் சீலில் வரும் கியர் ஆயிலாகவும் இருக்கலாம், சக்கரத்தில் பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரில் வரும் பிரேக் ஆயிலாகவும் இருக்கலாம். பிரேக் ஆயில் நீர்த்திருக்கும், பெயின்டை அரிக்கும். அதுவாக இருந்தால் சரிசெய்யும் வரை வண்டியை எடுக்காதீர்கள். பழைய வண்டிகளில் பிரேக் ஒரே சர்க்யூட்டாக இருப்பதுண்டு. ஒரு சக்கரத்தில் ஒழுகினால் நான்கிலும் பிரேக் போய்விடும்.

சொட்டுச் சொட்டாகக் கொஞ்சம் கியர் ஆயில் கசிவதற்குப் பதறவேண்டாம். பழைய ஜீப்பில் ஆயிலே கசியவில்லை என்றால் உள்ளே ஆயில் இல்லை என்று அர்த்தம் என்பார்கள். கிண்டல்தான், ஆனால் ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது.

ஆயில் பார்ப்பது

என்ஜின் ஆயிலை எல்லோரும் பார்ப்பார்கள். மறந்துபோவது மற்ற நான்கு: கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் ஹவுசிங், பின் ஹவுசிங். ஒவ்வொன்றிலும் பக்கவாட்டில் ஊற்றும் பிளக் ஒன்று, அடியில் வடிக்கும் பிளக் ஒன்று. எப்போதும் ஊற்றும் பிளக்கை முதலில் கழற்றுங்கள். அது துருப்பிடித்து வர மறுத்தால், நல்லவேளை, பழைய ஆயிலாவது உள்ளே இருக்கும். அடிப்பிளக்கை முதலில் கழற்றி எல்லாவற்றையும் வடித்துவிட்டு, மேல்பிளக் வராமல் ஞாயிற்றுக்கிழமை மாலையில் வண்டியோடு உட்கார்ந்திருப்பது ஒரு தனி அனுபவம்.

வண்டி சமதளத்தில் இருக்கும்போது ஊற்றும் துளையின் விளிம்பு வரை ஆயில் நிற்க வேண்டும். சுண்டுவிரலை விட்டுப் பார்த்தால் போதும். விரலில் வரும் ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஓடையில் இறங்கிய வண்டிகளில் இது சகஜம். ஓடிச் சூடான ஹவுசிங் சட்டென்று குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும். சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஹவுசிங்கின் மேல் காற்று போய்வர ஒரு சின்ன பிரீதர் இருக்கும். அது சேற்றால் அடைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஓடும் சூட்டில் அழுத்தம் ஏறி நல்ல சீலையும் ஒழுகவைக்கும். சீல் மாற்றும் முன் பிரீதரைச் சுத்தம் செய்து பாருங்கள். எனக்கு ஒருமுறை கசிவு அதோடு நின்றது.

கியர்பாக்ஸுக்கு 90 நம்பர் ஆயில், ஜிஎல்-4 தரம். ஜிஎல்-5 இன்னும் உயர்ந்தது என்று கடைக்காரர் தந்தாலும் கியர்பாக்ஸில் வேண்டாம். உள்ளே இருக்கும் பித்தளைச் சாமான்களுக்கு அது ஆகாது. இன்னொன்று: வில்லிஸ் வகையில் கியர்பாக்ஸ் ஆயில் மெல்ல டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு இறங்குவதுண்டு. வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியாமல் ஒன்று குறைந்து மற்றொன்று நிரம்பி வழிந்தால் குழம்ப வேண்டாம், இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

கிரீஸ்

இந்த வண்டியில் நீங்கள் செய்யப்போகும் வேலைகளிலேயே மிக மலிவானது இது. புரொப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸ்கள் (முனைகளில் வளைந்து கொடுக்கும் சிலுவை மூட்டுகள்), ஷாஃப்டில் முன்னும் பின்னும் வழுக்கும் பல்வெட்டுப் பகுதி, பட்டை ஸ்பிரிங்கின் முனையைத் தாங்கும் ஷாக்கிள், முன்சக்கரங்களை இணைக்கும் டை ராடின் முனைகள், பெடல் ஷாஃப்ட். கிரீஸ் ஏற்றும் முளையான நிப்பிளை முதலில் துணியால் துடைத்துவிட்டு அடியுங்கள். இல்லையென்றால் மண்ணையும் சேர்த்து உள்ளே தள்ளுவீர்கள். பழைய கிரீஸ் பிதுங்கிப் புதுசு எட்டிப்பார்க்கும் வரை அடித்தால் போதும். நிப்பிள் அடைத்திருந்தால் மாற்றிவிடுங்கள், சில்லறைக் காசுதான். ஷாக்கிளில் ரப்பர் புஷ் இருந்தால் மட்டும் கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும். முன்சக்கரம் திரும்பும் இடத்தில் உள்ள இரும்பு உருண்டையிலும் கன்னால் திணிக்கக் கூடாது. சீல் பிதுங்கிவிடும்.

கிராஸ் மூடியைச் சுற்றிச் செங்கல் பொடி மாதிரி சிவந்த தூள் தெரிந்தால் உள்ளே ஊசி பேரிங் காய்ந்து அரைபடுகிறது. அப்போது கிரீஸ் அடிப்பதில் பயனில்லை, கிராஸ் மாற்ற வேண்டும். ஷாஃப்டைக் கழற்றும் முன் இரு துண்டுகளிலும் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் வண்டி உதறும்.

தண்ணீரில் இறங்கிய வண்டிக்கு அன்றைக்கே கிரீஸ். நாளைக்கு என்பது கிடையாது.

ஸ்டியரிங் உதறல்

நாற்பது, ஐம்பது வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்ததும் ஸ்டியரிங் பிடித்தாட்டுகிறதா? உடனே ஸ்டியரிங் டேம்பர் மாட்டச் சொல்வார்கள். அது ஆட்டத்தை மறைக்கும், தீர்க்காது. காற்றழுத்தத்தைப் பார்த்துவிட்டு, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வீட்டில் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங் தளர்வு. அப்படியும் ஆடினால் கிங்பின், அதாவது முன்சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சாணி. இந்த ஒரு சோதனை உங்கள் பணத்தை நிறைய மிச்சப்படுத்தும். அப்புறம் சக்கரத்தை இடவலமாக ஆட்டச் சொல்லி, டை ராடு முனைகளில் கை வைத்துப் பாருங்கள். தேய்ந்த முனை விரலுக்குத் தெரியும்.

வீல் பேரிங் நீங்களே சரிசெய்யலாம். ஹப்பினுள் இரண்டு நட்டு, நடுவே மடக்கும் வாஷர். உள்நட்டைச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே, சக்கரம் பிடிக்கும் வரை இறுக்கி, பிறகு ஏறக்குறைய ஆறில் ஒரு சுற்று தளர்த்துங்கள். வாஷரைப் போட்டு வெளிநட்டை இறுக்கி, வாஷரின் விளிம்பை மடக்குங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் அதிகம் இறுக்கிவிட்டீர்கள். கிங்பின்னில் ஷிம் தகடு எடுத்து இறுக்கும் வேலையை முதல் முறை தெரிந்தவரோடு செய்யுங்கள்.

பிரேக்

டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் தூளை ஊதாதீர்கள், காற்றும் அடிக்காதீர்கள். பழைய லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நுரையீரலுக்குக் கேடு. தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடையுங்கள். லைனரில் ஆயில் ஊறியிருந்தால் அதைத் தேய்த்துக் காயவைத்துப் பயன்படுத்துவது வீண். ஒழுகலை நிறுத்திவிட்டுப் புது லைனர் போடுங்கள், அச்சின் இருபக்கமும்.

பெடல் ஆழமாக இறங்கினால் முதலில் ஷூவை அட்ஜஸ்ட் செய்யுங்கள். பின்தட்டில் அட்ஜஸ்டர் தலைகள் இருக்கும். சக்கரம் உரசும் வரை திருப்பி, உரசல் நிற்கும் வரை சற்றே பின்வாங்க வேண்டும். அப்படியும் பெடல் பஞ்சு மாதிரி இருந்தால் லைனில் காற்று. அதை வெளியேற்ற, பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்குங்கள். வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் இடது பின், வலது பின், இடது முன், வலது முன். ஒருவர் மிதித்துப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தின் பின்புறம் காற்று விடும் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். டாட் 3 ஆயில் மட்டும். என்ஜின் ஆயில் ஒரு துளி பட்டாலும் ரப்பர் வாஷர்கள் ஊதிவிடும்.

டீசலில் ஏர்

டாங்க் காலியானாலோ ஃபில்டர் மாற்றினாலோ டீசல் குழாயில் காற்று புகுந்து வண்டி கிளம்பாது. ஃபில்டர் தலையில் உள்ள ஏர் ஸ்குருவைத் தளர்த்தி, கைப்பம்பை அடியுங்கள். நுரை நுரையாக வந்து, பிறகு குமிழி இல்லாமல் டீசல் வரும். அது வழிந்துகொண்டிருக்கும்போதே ஸ்குருவை இறுக்குங்கள். அடுத்து, நாசில்களுக்கு (என்ஜினுக்குள் டீசலைப் பீச்சுபவை) டீசலைத் தள்ளும் பம்பில் உள்ள ஸ்குருவிலும் அதேபோல். அப்புறம் செல்ஃப் அடிக்கலாம். நாசில் பக்கம் உள்ள குழாயில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும் அளவு அழுத்தம் கொண்டது, விரலை வைத்துப் பார்க்கும் வேலை வேண்டாம். அடிக்கடி ஏர் பிடித்தால் உறிஞ்சும் பக்கத்துக் குழாயில் வெடிப்பு இருக்கும்.

பம்ப், நாசில், ஹவுசிங்கினுள் உள்ள பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியன் ஆகியவற்றைப் பட்டறைக்கே விட்டுவிடுங்கள். அவற்றுக்கு வேண்டிய கருவி வீட்டில் இருக்காது.

ஒரு நாற்பது பக்க நோட்டை டேஷ்போர்டில் போட்டு, எந்தத் தேதியில் எதற்கு கிரீஸ், எதற்கு ஆயில் என்று எழுதிவையுங்கள். கிலோமீட்டர் கணக்கு எழுதலாம் என்றால் என் வண்டியில் அந்த மீட்டர் ஓடுவதில்லை. கேபிள் வாங்கி வைத்து இரண்டு வருடம் ஆகிறது.