அமெரிக்காவில் பழைய வீடு வாங்குகிறீர்களா? டீட் ரெஸ்ட்ரிக்‌ஷனையும் பாருங்கள்

கூரை, ஏசி, பைப் எல்லாவற்றையும் இன்ஸ்பெக்டர் பார்த்துச் சொல்லிவிடுவார். ஆனால் கொல்லைப்புறத்தில் நிற்கிற ஷெட்டுக்கு ஹெச்ஓஏவிடம் (அந்தக் குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கம்) அனுமதி வாங்கினார்களா என்று அவர் பார்க்க மாட்டார், அது அவர் வேலையும் இல்லை. டீட் ரெஸ்ட்ரிக்‌ஷன் என்பது அந்த நிலத்தில் என்ன கட்டலாம், எப்படிப் பயன்படுத்தலாம் என்று பத்திரமாகப் பதிவான கட்டுப்பாடு, அது நிலத்தோடு ஒட்டிக்கொண்டு வருவது. பழைய ஓனர் கேட்காமல் கட்டிவிட்டுப் போயிருந்தாலும், இடிக்கச் சொல்லி வரும் கடிதத்தைப் பிரிக்கப்போவது நீங்கள்தான்.

முதலில், வீட்டின் உரிமைப் பதிவுகளைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனியைக் கேளுங்கள். அவர்கள் தரும் டைட்டில் கமிட்மென்ட் என்ற ஆவணத்தில் ஷெட்யூல் பி என்று ஒரு பகுதி வரும். அந்த நிலத்தின் மேல் பதிவான ரெஸ்ட்ரிக்‌ஷன்களின் பதிவு எண்கள் அதில் இருக்கும். எண் மட்டும் போதாது, முழுப் பிரதியும் பிற்பாடு செய்த திருத்தங்களும் வேண்டும். ஏஜென்ட் தரும் சுருக்கத்தை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். ரொம்பப் பழைய பத்திரங்களில் வெள்ளையர் மட்டுமே குடியிருக்கலாம் என்றுகூட எழுதியிருக்கும். படிக்க எரிச்சலாக இருக்கும், ஆனால் 1948லேயே உச்ச நீதிமன்றம் அதைக் கோர்ட் மூலம் அமல்படுத்த முடியாது என்று சொல்லிவிட்டது.

ஹெச்ஓஏ இல்லாத தெருதானே என்று விட்டுவிடவும் கூடாது. ரெஸ்ட்ரிக்‌ஷன் பதிவாகியிருந்தால் பக்கத்து வீட்டுக்காரரே வழக்குப் போட முடியும். ஹூஸ்டனில் ஸோனிங் (எந்தப் பகுதியில் என்ன கட்டலாம் என்ற மாநகராட்சி விதி) கிடையாது என்பதால் அந்த வேலையைப் பெரும்பாலும் இந்தப் பத்திரங்கள்தான் செய்கின்றன, அங்கே மாநகராட்சியே கோர்ட்டுக்குப் போகலாம்.

அப்புறம் பத்திரத்தையும் சர்வே வரைபடத்தையும் கையில் வைத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்று சுற்றுங்கள். வேலியின் உயரம், அகலப்படுத்திய டிரைவ்வே, அறையாக மாற்றிய கராஜ், வெளிச்சுவர் பெயின்ட், இப்படி ஒவ்வொன்றாக. சர்வேயில் வீட்டுக்கு முன்னால் புள்ளிக்கோடு போட்டு "25 அடி பி.எல்." என்றிருக்கும், அதாவது அந்தக் கோட்டைத் தாண்டி எதுவும் கட்டக் கூடாது, பிற்பாடு சேர்த்த போர்ட்டிகோவின் தூண் மனையின் முன் எல்லையிலிருந்து 22 அடியில் நின்றால் அது மீறல். நகராட்சி பெர்மிட் இருக்கிறதே என்று செல்லர் சொல்வார். அது வேறு, இது வேறு. கட்டுமான மாற்றங்களுக்கு ஒப்புதல் தரும் ஆர்க்கிடெக்சரல் கமிட்டியின் அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள்.

வீடு கைமாறும்போது டெக்சஸில் ஹெச்ஓஏ தரும் ரீசேல் சர்ட்டிஃபிகேட்டிலும் ஃப்ளோரிடாவில் எஸ்டாப்பல் சர்ட்டிஃபிகேட்டிலும் நிலுவை மீறல்கள் வரும். ஆனால் ஹெச்ஓஏ கண்ணில் பட்டது மட்டும்தான் அதில் வரும். மரத்துக்குப் பின்னால் இருக்கிற ஷெட்டை யாரும் பார்க்கவில்லை என்றால் காகிதம் சுத்தமாகத்தான் இருக்கும்.

மீறல் ஏதாவது தெரிந்தால், காசை அதிகம் இழக்காமல் ஒப்பந்தத்திலிருந்து விலகக்கூடிய கெடு முடிவதற்குள் பேசுங்கள். ஒன்று, செல்லர் சரிசெய்யட்டும். இல்லை, ஹெச்ஓஏவிடம் எழுத்தில் விலக்கு வாங்கித் தரட்டும். "அதெல்லாம் யாரும் கேட்க மாட்டாங்க" என்ற வாய்ப்பேச்சு க்ளோசிங்குக்கு (கிரயம் முடிவது) பிறகு எதற்கும் உதவாது. வாடகைக்கு விடுவதோ வீட்டிலிருந்தே தொழில் செய்வதோ உங்கள் திட்டத்தில் இருந்தால், அந்தப் பிரிவுகளை மட்டுமாவது ஒரு ரியல் எஸ்டேட் வக்கீலிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.