ஸ்கோர் அட்டையில் வராததை எழுதுங்கள்

விளையாட்டுச் செய்தி எழுதப் பழகும் தம்பி, தங்கைமாருக்கு ஒரு குறிப்பு. யாழ். மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் 1904இலிருந்து மோதும் ‘வடக்கின் பெரும் போர்’ கிரிக்கெட் போட்டியைப் பார்க்கப் போகிறீர்களா? ஓட்டங்களையும் விக்கெட்டுகளையும் பிறகும் எடுக்கலாம். அட்டையில் வராததைச் சின்னக் கொப்பியில் குறியுங்கள்: பந்துவீச்சாளர் ஓடிவரும் தூரத்தைக் குறைத்தது எந்த ஓவரில், அணித் தலைவர் ஸ்லிப்பிலிருந்து (விக்கெட் காப்பாளருக்குப் பக்கத்தில் பிடிக்காக நிற்கும் இடம்) ஆளை எடுத்தது எப்போது, பாண்ட் சத்தம் எந்த விக்கெட்டோடு ஓய்ந்தது. கட்டுரையின் முதல் வரி பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

அப்புறம் வாசிப்பு. விளையாட்டுப் பக்கம் மட்டும் போதவே போதாது. சிறுகதை வாசியுங்கள், ஒரு ஆளை மூன்று வரியில் காட்டும் வித்தை அதில்தான் பிடிபடும். யாழ். பொது நூலகமும் பக்கத்தில்தானே இருக்கிறது. எழுதி முடித்ததும் சத்தமாக வாசித்து, மூச்சு முட்டும் இடத்தில் வசனத்தை உடையுங்கள்.