உங்கட ஊரின்ர கதையை எழுதோணுமெண்டால் முதல்ல குளத்துக் கட்டில ஏறுங்கோ

பள்ளிக்கூடத்தில பிள்ளையளுக்கு "எனது ஊர்" எண்டு ஒப்படை குடுக்கினம், அதுகளும் போனில தேடிப்போட்டு ஒண்டும் வரேல்ல எண்டு வந்து நிக்குதுகள். வராது. வன்னியில சின்ன ஊருகளைப் பற்றி எழுதி வச்சதே குறைவு, இருந்த கொஞ்ச நஞ்ச விழா மலர், கொப்பி, படமெல்லாம் 2008, 2009 யுத்த இடம்பெயர்வில ஒவ்வொரு இடமா விட்டுவிட்டு வந்ததுதானே. அதால நாங்கள்தான் இருந்து எழுதோணும். நான் செய்து பாத்த விதத்தைச் சொல்றன்.

முதல்ல ராசா கதையில தொடங்காதேங்கோ, தண்ணியில தொடங்குங்கோ. வயசான கமக்காரர் ஒராளைக் கூட்டிக்கொண்டு குளத்துக் கட்டில ஒரு முனையில இருந்து மற்ற முனை வரைக்கும் நடவுங்கோ. தண்ணி திறந்து விடுற துருசு எங்க, குளம் நிரம்பினா மிச்சத் தண்ணி வழியிற வான் எந்தப் பக்கம் பாயுது, வாய்க்கால் முதல்ல ஆற்ற வயலுக்குப் போகுது, கடைசியா ஆற்ற வயல் காயுது, எந்த மாரியில கட்டு உடைச்சது எண்டு கேளுங்கோ, அவர் சொல்லச் சொல்ல ஒரு தாளில கீறுங்கோ. அதுதான் உங்கட ஊர்ப் புவியியல். பிறகு அந்தத் தண்ணி எங்கயிருந்து வருது எண்டு மேல பாருங்கோ. கனகராயன் ஆறு சேமமடுப் பக்கம் தொடங்கி வடக்க ஓடி கிளிநொச்சி இரணைமடுக் குளத்துக்கு வந்து, அங்கால சுண்டிக்குளத்துக் களப்பில விழுது, வழியில எத்தினை ஊர் அதால சீவிக்குது எண்டு எண்ணிப் பாத்தா உங்கட ஊர் தனிய இல்லை எண்டு விளங்கும். கூகிள் எர்த்தில பழைய வருசத்துப் படங்களையும் பாக்கலாம், காடு எவ்வளவு பின்னுக்குப் போயிருக்கு எண்டு அதில தெரியும்.

அடுத்தது பேர். குளம், மடு, மோட்டை எண்டு முடியிற பேரெல்லாம் தண்ணி நிண்ட இடம். முறிப்பு எண்டு இருந்தா அங்க ஒரு காலத்தில கட்டு முறிஞ்சிருக்கு, உடைஞ்ச குளத்தின்ர அடையாளம் கிட்டடியில காட்டுக்க கிடக்கும், தேடுங்கோ. கிளிநொச்சி உருத்திரபுரத்தில எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் எண்டு இடத்துக்கே வாய்க்கால் நம்பர்தான் பேர், அதைக் கேட்ட உடனயே இது திட்டம் போட்டுக் குடியேத்தின இடம் எண்டு தெரியும். இரணைமடு வேலை 1902ல தொடங்கி முடிய 20 வருசத்துக்குக் கிட்டப் பிடிச்சது. 1936ல கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கினது யாழ்ப்பாணத்தில காணியில்லாம, வேலையில்லாம இருந்த சனத்துக்காகத்தான். வந்த முதல் ஆக்கள் மலேரியாவோட பட்ட பாடு கொஞ்சமில்லை, 1940களின்ர கடைசியில டிடிடி எண்ட நுளம்பு மருந்து அடிச்சு அது குறைஞ்ச பிறகுதான் சனம் நிம்மதியா இருந்தது.

இதில ஒண்டை நான் கட்டாயம் சொல்லோணும். ஊர் வரலாறு எழுதிற கனபேர் ஆதிக் குடி, பிறகு யாழ்ப்பாணத்தால வந்தவை எண்டு ரெண்டோட நிப்பாட்டிப்போடுவினம். 1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்தால வந்து காடு வெட்டி, கிணறு தோண்டி, கூலி வேலை செய்து ஊரைத் தூக்கி நிறுத்தின சனத்தை ஒரு வரியில கடந்துபோறது சரியில்லை. அவையின்ர வீட்டுக்கும் போங்கோ, எந்தத் தோட்டத்தால வந்தவை, ஆர் கூட்டிக்கொண்டு வந்தது, முதல் கொட்டில் எங்க போட்டவை, காணிக்குப் பெர்மிற் எப்ப கிடைச்சது, கிடைச்சதோ இல்லையோ, எல்லாத்தையும் அவை சொல்ற மாதிரியே எழுதுங்கோ.

வயசான ஆக்களிட்ட "எந்த வருசம்" எண்டு கேக்காதேங்கோ. எங்கட அம்மம்மாவிட்ட நான் அப்பிடிக் கேக்க "ஆருக்கு மோனை தெரியும்" எண்டு போட்டு அடுப்படிக்குப் போட்டா. பிறகு "64 புயலுக்கு முன்னமோ பின்னமோ" எண்டு கேட்டனான், அப்பதான் மனிசி குந்தியிருந்து ஒரு மணித்தியாலம் கதைச்சது, எந்தப் பாலைமரம் விழுந்தது எண்டதும் சொல்லித்து. 1964 மார்கழிப் புயல், 83 கலவரம், 1990ல ரயில் நிண்டது, சுனாமி, 2018 மார்கழி வெள்ளம், இப்பிடி ஒவ்வொண்டையும் முளை மாதிரி அடிச்சு வச்சுக்கொண்டு கேட்டா மற்றதெல்லாம் தானா வந்து கட்டுப்படும். இடம்பெயர்வைப் பற்றிக் கேக்கேக்க மட்டும் அவை தாங்களா தொடங்கட்டும், அழுதா போன் ரெக்கோடை நிப்பாட்டிப்போட்டுப் பக்கத்தில இருங்கோ.

கடதாசி வேலை கடைசியாத்தான். ஆற்றயும் வீட்டு ட்ரங்குப் பெட்டியில 1935 காணி அபிவிருத்திச் சட்டத்தில குடுத்த பெர்மிற் கிடந்தா படம் எடுங்கோ, அதில திகதியே இருக்கு. லூயிஸ் எண்ட வெள்ளைக்காரத் துரை 1895ல வன்னி மாவட்டங்களைப் பற்றி ஒரு பெரிய கைநூல் எழுதினவர், ஊர், குளம், சனத்தொகை எல்லாம் அதில தேடலாம். ஆனா துரையள் எழுதினதை அப்பிடியே நம்பாம, கேள்விப்பட்டதையும் அப்பிடியே நம்பாம சொல்லுச் சொல்லா வாசியுங்கோ. வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனைப் பற்றி கற்சிலைமடுவில வெள்ளைக்காரர் வச்ச கல்லில 1803 ஒக்ரோபர் 31ல கப்டன் ட்றிபேர்க் அவரைத் தோற்கடிச்சார் எண்டுதான் எழுதியிருந்தது, கொண்டார் எண்டு இல்லை. அதை வச்சுக்கொண்டு அண்டைக்குத்தான் செத்தவர் எண்டு எத்தினை பேர் எழுதினம் பாருங்கோ.

போற காலமும் முக்கியம். ஐப்பசி விதைப்பு நேரமும் மாசி அரிவு வெட்டு நேரமும் கமக்காரரைப் பிடிக்கேலாது, பங்குனியில நெல்லு வித்து முடிய ஆறுதலா கதைப்பினம். எழுதி முடிஞ்ச உடன ஒரு பிரதி பள்ளிக்கூடத்துக்கும், ஒண்டு கோயிலுக்கும், ஒண்டு ஊரை விட்டுத் தூரத்தில இருக்கிற சொந்தக்காரருக்கும் குடுங்கோ, ஸ்கான் பண்ணி, எங்கட நூல், மலரெல்லாம் சேத்து வைக்கிற "நூலகம்" இணையத்தளத்துக்கும் அனுப்புங்கோ. திருப்பியும் பெட்டி படுக்கையோட ஓட வேண்டி வந்தாலும் அது எங்கயோ ஒரு இடத்தில கிடக்கும்.