கீரைக்குத் தண்ணீர்க் கை ஆகாது

காவிரி டெல்டாவில், அரசலாற்றங்கரையில் ஒரு ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள் நான். வீட்டைச் சுற்றி வயல், கொல்லையில் நாலு சென்ட் சும்மா கிடக்கிறது, கொட்டகையில் இரண்டு மாடு, இறைக்க போர் இருக்கிறது. இவ்வளவும் இருந்தும் தினம் காலையில் சைக்கிளில் வரும் கீரைக்காரம்மாவுக்காக வாசலில் காத்து நிற்பேன். மூன்று தடவை விதை வாங்கிப் போட்டும் பாத்தி மொட்டையாகவே கிடந்தது. விதைக்கடைக்காரரை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். நாலாவது தடவை மாமியார் கொல்லைப் பக்கம் வந்து பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "இது என்னடி, நடவுக்குச் சேறு கட்டி வச்சிருக்கியா?"

கோளாறு அதுதான். நம் பக்கத்துக் கை நெல்லுக்குப் பழகிய கை. ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கிறார்களா இல்லையா என்று பார்த்தே வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் நிற்பதைக் கண்டால் ஒரு நிம்மதி. கீரை விதைக்கு அதுவே எமன். தூசி மாதிரி இருக்கிற அந்த விதைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். தண்ணீர் தேங்கினால் காற்றில்லாமல் உள்ளேயே அழுகும். தப்பித் தவறி முளைத்தாலும் இரண்டாம் நாள் தண்டு நீர்கோத்துச் சாயும்.

முதலில் மண்ணைப் பாருங்கள். ஆற்றுப் படுகையில் வீடு இருந்தால் கொடுத்து வைத்தவர்கள், அந்த மண்ணில் எதுவும் வரும். மற்றவர்களுக்கெல்லாம் களிதான். காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், நனைந்தால் மாவாக ஒட்டும், மழை பெய்து வெயில் அடித்தால் மேலே ஓடு கட்டிக்கொள்ளும். அந்த ஓட்டை முட்டிக்கொண்டு வெளியே வர கீரை முளைக்குத் தெம்பு கிடையாது. அதனால் ஒரு பங்கு கொல்லை மண், ஒரு பங்கு நன்றாக மக்கிய சாணி எரு, ஒரு பங்கு மணல் என்று கலந்துகொள்ளுங்கள். ஆற்று மணல் இப்போது தங்கம் விலை, ஆகவே ரைஸ் மில்லில் கிடைக்கும் உமிச் சாம்பலைப் பாதியாகச் சேர்க்கிறேன், மண் பொலபொலப்பாகிறது. எரு பழசாக இருக்க வேண்டும். பச்சைச் சாணியைப் போட்டால் சூடு கிளம்பும், வெள்ளைப் புழு வரும். கலந்த மண்ணை லேசாக நனைத்துக் கையில் பிடித்து விரலால் தட்டினால் உதிர வேண்டும். உருண்டையாகவே நின்றால் இன்னும் களி அதிகம் என்று அர்த்தம்.

பாத்தியும் வயலுக்கு நேர் எதிர். வயலில் வரப்பு உயரம், உள்ளே பள்ளம். இங்கே பாத்தி அரை அடி மேடாகவும், சுற்றி வாய்க்கால் பள்ளமாகவும் இருக்க வேண்டும். அகலம் மூன்றடிக்கு மேல் போகாதீர்கள், இரண்டு பக்கமும் உட்கார்ந்தபடியே கை எட்ட வேண்டும். கொல்லை இல்லாதவர்களுக்கு மாடியில் பழைய வாளி, அரிசி மூட்டைச் சாக்கு, எதுவானாலும் சரி, அடியில் ஓட்டை இருந்தால் போதும். நாகப்பட்டினம் பக்கம் மீன் ஏற்றி வரும் தெர்மாகோல் பெட்டி கீரைக்கு அருமையான தொட்டி, சூடு ஏறாது, ஆனால் உப்பு போக நாலைந்து தண்ணீர் கழுவ வேண்டும். அரை அடி ஆழத்துக்கு மண் இருந்தால் கீரைக்குத் தாராளம். தென்னை நார்க் கழிவு சேர்ப்பவர்கள் அதையும் ஊறவைத்துப் பிழிந்துவிட்டுச் சேருங்கள், அதிலும் உப்பு இருக்கும்.

உப்பு என்றதும் ஒன்று. வேதாரண்யம், நாகைக் கடலோரத்தில் போர் தண்ணீரே உப்பாக இருக்கும் வீடுகளில் விதை முளைக்காததற்குப் பாதிக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். தொட்டி ஓரத்தில் வெள்ளையாகப் பூத்தால் சந்தேகமே வேண்டாம். முதல் பத்து நாளைக்காவது பிடித்து வைத்த மழைத் தண்ணீர் ஊற்றுங்கள். இல்லையென்றால் பாலக், பருப்புக்கீரை இரண்டில் ஒன்றைப் போடுங்கள், இவை கொஞ்சம் உப்பைத் தாங்கும். ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், அது இருக்கிற உப்பெல்லாம் சேர்ந்த தண்ணீர்.

எந்த மாதம்? ஆடிப்பட்டம் தேடி விதை என்பது கீரைக்கும் பொருந்தும், ஆனால் ஆடிக் காற்றில் விதைத்தால் விதை பக்கத்து வீட்டில் முளைக்கும். காற்று ஓய்ந்த சாயங்காலமாகப் பார்த்து விதையுங்கள். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் திறந்த வெளியில் கீரை விதைப்பது வீண் வேலை, ஒரு அடைமழை போதும், விதை மொத்தமும் பாத்தியின் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடக்கும். அப்போது தாழ்வாரத்தில், வெயில் எட்டிப் பார்க்கும் இடத்தில் இரண்டு தொட்டியோடு நிறுத்திக்கொள்ளலாம். மார்கழி பாதியிலிருந்து மாசி வரைதான் நம் பக்கம் கீரைக்குச் சொர்க்கம். கொத்தமல்லி, வெந்தயக்கீரை, பாலக் எல்லாம் அப்போதுதான் மனசார வரும். சித்திரை வெயிலுக்குத் தண்டுக்கீரை, கொடிப்பசலை, புளிச்சகீரை.

சரி, விதைக்கு வருவோம். முதலில் போடுகிறவர்கள் அரைக்கீரையில் ஆரம்பியுங்கள். முளைக்கீரையும் சிறுகீரையும் இருபத்தைந்து நாளில் வேரோடு பிடுங்கினால் கதை முடிந்தது. அரைக்கீரை அறுக்க அறுக்கத் துளிர்க்கும், ஒரு விதைப்பில் மூன்று மாதம் ஓட்டலாம்.

பழைய விதையாக இருந்தால் இருபது விதையை எண்ணி ஈரத்துணியில் மடித்து வையுங்கள். கல்யாணத்துக்குப் பாலிகை தெளிக்கும் முன் தானியம் முளைக்கிறதா என்று பார்த்துக்கொள்கிற மாதிரிதான். ஐந்தாம் நாள் பன்னிரண்டுக்குக் குறைவாக முளைத்திருந்தால் அந்த விதையை நம்பாதீர்கள். நெல்லுக்கு உப்புத் தண்ணீரில் போட்டு மிதப்பதைக் கழிப்போமே, அதை இங்கே செய்யாதீர்கள், இந்தப் பொடி விதை நல்லதும் மிதக்கும். கடைப் பாக்கெட்டில் விதை ரோஸ் நிறத்தில் இருந்தால் பூஞ்சை மருந்து தடவியது. விதைத்த பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், மிச்சத்தைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

மூன்றடிக்கு ஆறடிப் பாத்திக்கு அரை டீஸ்பூன் விதை போதும். நம்ப மாட்டீர்கள், ஆனால் போதும், அதில் ஆயிரக்கணக்கில் விதை இருக்கிறது. அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொட்டும், ஆகவே இரண்டு கை காய்ந்த மணலில் கலந்து, பாதியை நீளவாக்கிலும் மீதியை அகலவாக்கிலும் தூவுங்கள். மேலே மண் போட்டு மூடாதீர்கள். விரலை விரித்து லேசாகக் கீறிவிட்டு, உள்ளங்கையால் அல்லது ஒரு பலகையால் அழுத்திவிட்டால் விதை மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். என் முதல் மூன்று தோல்வியில் ஒன்று, ஒரு அங்குலம் ஆழத்தில் புதைத்தது.

பூவாளியில்தான் தண்ணீர். பூவாளி இல்லையா, பிளாஸ்டிக் பாட்டில் மூடியில் ஊசியைக் காய்ச்சிப் பத்து ஓட்டை போடுங்கள். ஹோஸ் பைப்பைப் பாத்திப் பக்கமே கொண்டுவராதீர்கள். முளைக்கும் வரை காலை, மாலை இரண்டு வேளையும் மேல்மண் நனையும் அளவு, அவ்வளவுதான்.

அடுத்த எதிரி எறும்பு. விதைத்த அன்றைக்கு ராத்திரியே வரிசை கட்டிக்கொண்டு தூக்கிப் போய்விடும், மறுநாள் பார்த்தால் பாத்தியில் விதையே இருக்காது. பாத்தி ஓரம் முழுக்கச் சாம்பலில் கொஞ்சம் மஞ்சள் தூள் கலந்து கோடு போடலாம். மாமியார் வழி வேறு: பாத்திக்கு வெளியே நாலு இடத்தில் ஒரு பிடி அரிசி நொய். எறும்பு அதைச் சுமக்க ஆரம்பித்தால் இந்தப் பக்கம் திரும்பாது. எனக்கு நொய்தான் சரிவருகிறது, சாம்பல் கோடு ஒரு தடவை நனைந்ததும் போய்விடுகிறது.

விதைத்ததும் மேலே வைக்கோலை மெல்லிசாகப் பரப்பினால் ஈரமும் நிற்கும், குருவியும் கொத்தாது. ஆனால் தினம் தூக்கிப் பாருங்கள். மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ சிவப்பாக ஊசி முனை தெரிந்த உடனே வைக்கோலை எடுத்துவிட வேண்டும். இன்னும் ஒரு நாள் இருக்கட்டும் என்று விட்டால் வெளிச்சம் தேடி நூல் மாதிரி நீண்டு படுத்துவிடும்.

முளைத்த பிறகு ஒரு வாரம் கண்ணும் கருத்துமாக இருங்கள். நேற்று பச்சைப் பசேலென்று நின்றது இன்று வட்டம் வட்டமாகச் சாய்ந்து, அடித்தண்டு கயிறு போல் சுருங்கியிருந்தால் அது நாற்றழுகல். நெருக்கமும் அதிக ஈரமும் சேர்ந்தால் வரும் பூஞ்சை. சாய்ந்த இடத்தை மண்ணோடு கரண்டியால் அள்ளி எறிந்துவிட்டு, அன்றைக்குத் தண்ணீரை நிறுத்தி, மேலே சாம்பல் தூவுங்கள். எருவோடு டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து ஒரு வாரம் நிழலில் வைத்திருந்து பாத்தியில் போட்டால் இது வருவது குறையும்.

பன்னிரண்டாம் நாள் போலச் செடியைக் கலைத்துவிட வேண்டும். இரண்டு விரல் இடைவெளி விட்டு மற்றதைப் பிடுங்குங்கள். மனசு வராது, எனக்கும் வராது. பிடுங்கினது குப்பைக்குப் போகாது, பருப்பில் போட்டுக் கடைந்தால் அதுதான் பாத்தியின் முதல் கூட்டு. இருபத்தைந்து முப்பது நாளில் முதல் அறுப்பு. மூன்று விரல் கட்டை அடியில் விட்டு அறுங்கள், கணுவில்லாமல் ஒட்ட அறுத்தால் துளிர்க்காது. அறுத்த அன்றே ஒரு கை எரு தூவித் தண்ணீர் விட்டால் எட்டுப் பத்து நாளில் மறுபடி கைக்கு வந்துவிடும்.

வெந்தயத்துக்கு விதைக்கடைக்கே போக வேண்டாம். அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு பிடி, ராத்திரி ஊறவைத்து, காலையில் துணியில் கட்டி, முளை தெரிந்ததும் தூவி அரை விரல் மண் மூடினால் இரண்டாம் நாள் எட்டிப் பார்க்கும். மூன்று வாரத்தில் பிடுங்கிவிடுங்கள்.

கொத்தமல்லியில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். நாம் உருண்டை என்று நினைப்பது இரண்டு விதை ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு காய். அதைச் சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டி இரண்டாகப் பிளக்க வேண்டும், நொறுக்கினால் போயிற்று. அப்புறம் ஒரு ராத்திரி ஊறல். விதைத்தால் முளைக்க எட்டு நாளிலிருந்து பதினைந்து நாள் வரை ஆகும். ஆறாம் நாளே ஒன்றுமில்லை என்று பாத்தியைக் கொத்திவிட்டு வேறு விதைத்தவர்களை எனக்குத் தெரியும், அதில் ஒருத்தி நான். சித்திரையில் விதைத்தால் அரையடி வளர்வதற்குள் பூத்துவிடும், வெயில் பார்த்தால் அதற்கு அவசரம். முளைக்காவிட்டால் கடைத் தனியா ரொம்பப் பழசு என்று வைத்துக்கொண்டு வேறு கடையில் வாங்குங்கள்.

புதினாவுக்கு விதை தேடாதீர்கள். ஆன்லைனில் பளபளப்பான பாக்கெட்டில் வாங்கினேன், முளைத்தது புதினாவே இல்லை, இன்றுவரை அது என்ன செடி என்று தெரியவில்லை. சந்தையில் வாங்கின கட்டில் நாலு முற்றிய தண்டை ஊன்றினால் வந்துவிடும். பொன்னாங்கண்ணி, கற்பூரவல்லியும் அப்படித்தான். கறிவேப்பிலை விதையில் வரும், ஆனால் கறுத்துப் பழுத்த பழத்தைப் பிதுக்கி, சதையைக் கழுவி, இரண்டொரு நாளுக்குள் ஊன்ற வேண்டும். காயவைத்து எடுத்து வைத்தால் உயிர் போய்விடும். மணத்தக்காளிப் பழத்தைத் தண்ணீரில் பிசைந்தால் நல்ல விதை அடியில் தங்கும். தொட்டியில் நாற்று விட்டு நாலு இலை வந்ததும் பிடுங்கி நடலாம். சோம்பேறிகளுக்குக் காக்கை குருவியே விதைத்துக் கொடுத்துவிடும், வேலியோரம் பாருங்கள்.

2018 நவம்பரில் கஜா புயலில் எங்கள் வீட்டு முருங்கை மூன்று துண்டானது. அப்புறம் ஊன்றுவதற்குப் போத்து, அதாவது வெட்டிய கிளை, தேடாமல் விதையில் போட்டேன். ஒரு ராத்திரி ஊறவைத்து, பையில் ஒரு அங்குல ஆழத்தில் ஊன்றினால் பத்து நாளில் முளை வரும், ஆணிவேரும் கிடைக்கும். கீரைக்குத்தான் வேண்டும் என்றால் மூன்றடி உயரத்தில் நுனியைக் கிள்ளிவிடுங்கள், புதராகப் படரும், புயலுக்கும் பயமில்லை. அகத்தி விதை வெற்றிலைக் கொடிக்கால்காரர்களிடம் கேட்டால் கிடைக்கும், கொடி ஏற்ற அவர்கள் போடுவது அதைத்தானே.

இலையைப் பிணைத்துக்கொண்டு உள்ளே பச்சைப் புழு இருந்தால் கையால் நசுக்குவதே வீட்டுத் தோட்டத்துக்குப் போதும். மீறினால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலத்தில் தெளித்து, ஒரு வாரம் கழித்து அலசிச் சமையுங்கள். இலையின் அடியில் வெள்ளைக் கொப்புளம் கண்டால் அந்தச் செடியைப் பிடுங்கிவிடுங்கள், மற்றதற்கு இலை நனையாமல் அடியில் தண்ணீர் விடுங்கள்.

விதைக்கு ஓரத்தில் மூன்று திடமான செடியை அறுக்காமல் விடுங்கள். கதிர் காய்ந்து, தட்டினால் கறுப்பு மணி உதிரும் பதத்தில் வெட்டி, முறத்தில் தேய்த்துப் புடைத்து, நிழலில் இரண்டு நாள் உலர்த்தி, காய்ந்த வேப்பிலையோடு பாட்டிலில் போடுங்கள். என்ன கீரை, எந்த மாதம் எடுத்தது என்று மறக்காமல் எழுதி ஒட்டுங்கள். சிறுகீரை விதையும் தண்டுக்கீரை விதையும் என் கண்ணுக்கு ஒரே மாதிரிதான். போன தையில் சிறுகீரை என்று நான் விதைத்தது இப்போது இடுப்பளவு தண்டுக்கீரையாக நிற்கிறது, தினம் சாம்பார்தான்.